சுரங்கம் மூடப்படும்போது எதைக் காப்பாற்ற வேண்டும்?

கேள்வி: ஒரு நாட்டின் பழைய சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்படும்போது, அவற்றில் பயன்பட்ட தொழில்நுட்பத்தையும் அந்நாட்டின் தொழில்மரபாகக் கருதிப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்லப்படுகிறது. ஏற்றியிறக்கும் வடத்தைத் தாங்கி நின்ற குழிவாய்க் கோபுரம் ஒன்றையும், சில இயந்திரங்களை வைத்த அருங்காட்சியகம் ஒன்றையும் விட்டுவைத்தால் போதாதா? அதற்கு மேல் செலவிடுவதால் என்ன பயன்?

போதாது என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்தக் கேள்வியில் இருக்கும் எண்ணத்தைத்தான் பல அரசுகளும் நிறுவனங்களும் நடைமுறையில் பின்பற்றி வருகின்றன. ஒரு சுரங்கம் மூடப்பட்டதும் தொலைவிலிருந்தே தெரிகிற கோபுரம் ஊரின் அடையாளமாக நின்றுவிடுகிறது. கையில் எடுத்துச் செல்லக்கூடிய விளக்குகளும் தலைக்கவசங்களும் கண்ணாடிப் பேழைக்குள் போகின்றன. மற்றவை பழைய இரும்பாக விற்கப்படுகின்றன, அல்லது நிலத்தடியிலேயே விடப்பட்டு நீரில் மூழ்குகின்றன. ஆனால் ஊறிவரும் நீரை வெளியேற்றுவது, உள்ளே காற்றைச் செலுத்துவது, மேற்பாறை சரியாமல் தாங்குவது, ஆட்களையும் தாதுவையும் ஏற்றி இறக்குவது ஆகிய வேலைகள் ஒன்றையொன்று சார்ந்து இரவு பகலாக நடந்தால்தான் அது சுரங்கம். அங்கே வைக்கப்பட்ட ஒவ்வோர் இயந்திரமும் அந்த இடத்தின் பாறைக்கும் நீருக்கும் எரிபொருளுக்கும் ஏற்பத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தத் தொடர்பைத் துண்டித்துவிட்டு இயந்திரத்தை மட்டும் வைத்திருந்தால், அது ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பின்னால் வருகிறவர் அறிய வழியில்லை.

நீரை வெளியேற்றும் இயந்திரங்களின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளலாம். தாமஸ் நியூகோமன் 1712இல் இங்கிலாந்தின் டட்லி கோட்டைக்கு அருகில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நிறுவிய நீராவி இயந்திரம், கிணற்று ஏற்றத்தின் துலாவைப் போல நடுவில் ஊன்றிய பெரிய உத்திரம் ஒன்றை ஆட்டி, அதன் மறுமுனையால் குழிக்குள் இருந்த நீரை இழுத்தது. உருளைக்குள் நீராவியை நிரப்பி, குளிர்ந்த நீரைத் தெளித்து அதைச் சுருங்கச் செய்வதால், ஒவ்வொரு வீச்சிலும் உருளை முழுவதும் குளிர்ந்து மறுபடி சூடாக வேண்டியிருந்தது. எரிபொருள் மிகுதியாக வீணானது. ஜேம்ஸ் வாட், நீராவியை உருளைக்கு வெளியே குளிரவைக்கும் தனிக் குளிர்விப்பானுக்கு 1769இல் காப்புரிமை பெற்ற பிறகு இந்த வீணடிப்பு பெருமளவு குறைந்தது. அப்படியானால் பழைய வகை இயந்திரங்கள் உடனே மறைந்திருக்க வேண்டும். ஆனால் தென் யார்க்‌ஷயரில் எல்சிகார் என்னும் ஊரில், வாட்டின் காப்புரிமைக்கு 26 ஆண்டுகளுக்குப் பின்னர், 1795இல், ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு நியூகோமன் வகை இயந்திரத்தையே கட்டினார்கள். அது 1923 வரை வேலை செய்தது. விற்க முடியாத தூள் நிலக்கரி குழிவாயிலேயே குவிந்து கிடந்த இடத்தில் எரிபொருளைச் சேமிக்கும் தேவை அவ்வளவாக எழவில்லை. ஈயமும் வெள்ளீயமும் செம்பும் போன்ற உலோகங்களை வெட்டிய இடங்களின் கதை வேறு. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் வெள்ளீயமும் செம்பும் கிடைத்தன, நிலக்கரி கிடைக்கவில்லை; அதை வேல்சிலிருந்து கடல்வழியே கொண்டுவர வேண்டியிருந்தது. எனவே அங்கே ஒவ்வொரு கூடை நிலக்கரிக்கும் கணக்குப் பார்த்தார்கள். வாட்டின் இயந்திரம் அங்கே விரைவாகப் பரவியதும், பின்னர் ரிச்சர்ட் டிரெவிதிக் போன்ற பொறியாளர்களால் உயர் அழுத்த நீராவியைப் பயன்படுத்தும் கார்னிஷ் இயந்திரம் உருவானதும் அதனால்தான்.

எல்சிகார் இயந்திரம் இன்றும் தான் நிறுவப்பட்ட அதே குழியின் மேல் நிற்கிறது. நியூகோமன் வகையில் தன் இடத்தை விட்டு நகர்த்தப்படாமல் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதை ஒரு தலைநகர அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோயிருந்தால், காலங்கடந்த இயந்திரத்தை அறியாமையால் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் பார்வையாளர் நினைப்பார். சொந்த இடத்தில் நிற்பதால்தான் அந்தத் தேர்வுக்குப் பின்னாலிருந்த கணக்கு தெரிகிறது. தொழில்மரபுப் பாதுகாப்புக்கான பன்னாட்டுக் குழுவான டிக்கி 2003இல் ருஷ்யாவின் நிஷ்னி தாகில் நகரில் ஏற்றுக்கொண்ட சாசனமும், இயன்றவரை மூல இடத்திலேயே பாதுகாப்பதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும், இடம் மாற்றுவது பொருளாதார அல்லது சமூகத் தேவை மிக வலுவாக இருக்கும்போது மட்டுமே ஏற்கத்தக்கது என்றும் சொல்கிறது.

ஓர் அமைப்பை முழுமையாகக் காப்பது எப்படியிருக்கும் என்பதற்கு, ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பகுதியை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. அங்கே வெள்ளியும் ஈயமும் வெட்டியவர்களிடம் நீராவி இயந்திரம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஆழ்ந்த சுரங்கங்கள் இருந்தன. மலையில் பெய்யும் மழையை அணைகட்டித் தேக்கி, சரிவுகளைச் சுற்றி வெட்டிய வாய்க்கால்களில் கொண்டுவந்து, நிலத்தடியில் வைத்த சக்கரங்களின் மேல் விழச்செய்து, அந்தச் சக்கரங்களைக் கொண்டே அடியில் ஊறும் நீரை மேலே ஏற்றினார்கள். ஒரு குளத்து நீர் மேலிருந்து கீழாகப் பல சுரங்கங்களுக்கு வேலை செய்துவிட்டுத்தான் பள்ளத்தாக்கை அடைந்தது. குளங்களும் வாய்க்கால்களும் மலைக்குள் குடைந்த நீர்வழிகளும் அடங்கிய இந்த வலை, மேல் ஹார்ட்ஸ் நீர் மேலாண்மை அமைப்பு என்ற பெயரில், 1992இலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றிருந்த ராம்மெல்ஸ்பெர்க் சுரங்கத்துடனும் கோஸ்லார் நகருடனும் 2010இல் சேர்க்கப்பட்டது. அதில் ஒரு பகுதி இன்றும் நீரைத் தேக்கவும் கொண்டுசெல்லவும் பயன்படுகிறது என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பயன்பாட்டில் இருக்கும் வாய்க்காலில் மண் தூர்ந்தால் யாராவது கவனிப்பார்கள். காட்சிக்காக மட்டும் வைத்த வாய்க்காலை நிதி குறைந்த முதல் ஆண்டிலேயே மறந்துவிடுவார்கள்.

அதே மலைப்பகுதியில்தான், ஆழம் கூடக்கூட எழுந்த இன்னொரு சிக்கலுக்கும் வழி காணப்பட்டது. ஏணியில் இறங்கி ஏறுவதற்கே தொழிலாளியின் நேரமும் உடல்வலுவும் செலவாயின. 1833இல் கிளவுஸ்தால் வட்டாரத்தில், பக்கத்தில் பக்கமாகத் தொங்கும் இரு நீண்ட தண்டுகளை நீர்ச்சக்கரத்தால் மாறிமாறி மேலும் கீழும் அசையவைத்து, அவற்றில் படிகளைப் பொருத்தினார்கள். ஒரு தண்டு மேலே வந்து நிற்கும் நொடியில் தொழிலாளி மற்றதன் படிக்கு மாறி நிற்பார். இப்படி மாறிமாறி நின்றே பல நூறு மீட்டர் ஏறிவிடலாம். அடுத்த ஆண்டு அதே வட்டாரத்தில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்னும் சுரங்க அதிகாரி இரும்புக் கம்பிகளை முறுக்கி வடமாக்கிப் பயன்படுத்தினார். சணல் வடமும் சங்கிலியும் எப்போது அறும் என்று முன்கூட்டித் தெரியாது. கம்பிவடத்தில் ஓரிரு இழைகள் அறுந்தாலும் மற்றவை தாங்கும், தேய்மானம் கண்ணுக்கும் தெரியும். இன்றைய மின்தூக்கியிலிருந்து தொங்குபாலம் வரை அந்த வடத்தின் வழித்தோன்றல்கள்தான். சாங்க்ட் ஆன்ட்ரியாஸ்பெர்க்கில் உள்ள சாம்சன் சுரங்கத்தில், மாறிமாறி அசையும் தண்டுகளைக் கொண்ட அத்தகைய ஆளேற்றி ஒன்று இன்றும் இயங்கும் நிலையில் இருக்கிறது. 1910இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும், குழிக்குள் அமைக்கப்பட்ட நீர்மின் நிலையத்துக்குப் போய்வரும் பணியாளர்களுக்கு அது பயன்பட்டதால் பிழைத்தது. இதே வகை ஆளேற்றி ஒன்று கார்ன்வாலின் லெவன்ட் சுரங்கத்தில் 1919இல் அறுந்து விழுந்து 31 பேர் இறந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

எப்போது முடிவெடுப்பது என்பதுதான் என் பார்வையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற கேள்வி. பழைய கோயிலையோ அரண்மனையையோ ஐம்பது ஆண்டுகள் பூட்டிவைத்துவிட்டுப் பின்னர் ஆராய்ந்தாலும் பெரும்பகுதி அங்கேயே இருக்கும். சுரங்கத்தில் பம்புகளை நிறுத்திய நாளிலிருந்து நீர் ஏறத் தொடங்கிவிடுகிறது. சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ நிலத்தடி உலகம் முழுவதும் எட்டாததாகிவிடும். அண்டைச் சுரங்கம் ஒன்றில் பம்பை நிறுத்துவதுகூட இதே விளைவைத் தரும். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் உள்ள சாட்டர்லி விட்ஃபீல்டு, ஒரே ஆண்டில் பத்து லட்சம் டன் நிலக்கரி எடுத்த முதல் பிரிட்டிஷ் சுரங்கம். அது மூடப்பட்டு 1979இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பார்வையாளர்களை உண்மையான நிலத்தடி வேலையிடங்களுக்கே அழைத்துச் சென்றார்கள். பக்கத்து உல்ஸ்டன்டன் சுரங்கம் 1980களின் நடுவில் மூடப்பட்டு அங்கே நீரேற்றம் நின்றதும், இங்கே பழைய வேலையிடங்கள் பாதுகாப்பற்றவையாயின. மேல்மட்டத்தில் மாற்றுக் காட்சி ஒன்றை அமைத்துச் சமாளித்தும் 1993இல் அருங்காட்சியகம் நொடித்துப்போய், திரட்டிய பொருள்களும் கலைந்தன. ஒரு சுரங்கத்தை மட்டும் தனியாகக் காப்பாற்றிவிடலாம் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை. நிலத்தடியில் சுரங்கங்களுக்கு இடையே எல்லைச்சுவர் பெரும்பாலும் வரைபடத்தில் மட்டுமே இருக்கிறது.

பம்பை நிறுத்துவதன் விளைவு மரபு இழப்போடும் முடிவதில்லை. கார்ன்வாலின் வீல் ஜேன் வெள்ளீயச் சுரங்கம் 1991இல் மூடப்பட்டு, 1992 ஜனவரியில் அமிலமும் உலோகங்களும் கலந்த நீர் உடைத்துக்கொண்டு ஆற்றிலும் கழிமுகத்திலும் பாய்ந்தது. ஜெர்மனியின் ரூர் பகுதியில் நூறாண்டுகளுக்கு மேல் நிலக்கரி எடுத்ததால் நிலமே தாழ்ந்துவிட்டது. நீரை இறைத்துக்கொண்டே இராவிட்டால் மக்கள் வாழும் பகுதிகள் ஏரியாகிவிடும். அந்நாட்டின் கடைசி கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் பாட்ரோப்பில் மூடப்பட்ட பிறகும், இந்த முடிவில்லாக் கடமைகளுக்கான செலவை 2007இல் நிறுவப்பட்ட ஓர் அறக்கட்டளை ஏற்றுவருகிறது. ஆகவே மூடப்பட்ட சுரங்கத்தில் நீரேற்றும் தொழில்நுட்பம் இறந்தகாலப் பொருள் அல்ல. சூழலுக்காக எப்படியும் செய்தாக வேண்டிய நீரேற்றத்தையும், மரபுக்காகச் செய்ய வேண்டிய பாதுகாப்பையும் ஒரே திட்டத்தில் சேர்த்தால், பிந்தையதற்கு ஆகும் கூடுதல் செலவு முதலில் தோன்றுவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

மக்களை உள்ளே அழைத்துச் செல்வதா என்பது இதையொட்டிய சிக்கல். வேல்சில் 1980இல் மூடப்பட்ட பிக் பிட், 1983இல் திறக்கப்பட்டதிலிருந்து பார்வையாளர்களைக் கூண்டில் ஏற்றி 90 மீட்டர் ஆழத்துக்கு இறக்குகிறது. சுரங்கச் சட்டம் அங்கே தொடர்ந்து செல்லுபடியாவதால் தீப்பெட்டி, மின்கலக் கைக்கடிகாரம், தொலைபேசி எல்லாவற்றையும் மேலேயே கொடுத்துவிட்டுத் தலைவிளக்கோடு போக வேண்டும். முன்னாள் தொழிலாளர்களே வழிகாட்டிகளாக இருந்து வந்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் இது இயலாது. வடபிரான்சின் லெவார்டு மையத்தில் நிலத்தடிப் பாதைகளைத் தரைமட்டத்திலேயே மறுஆக்கம் செய்திருக்கிறார்கள். ஜெர்மனியின் போகும் நகரில் 1930இல் தொடங்கிய சுரங்க அருங்காட்சியகத்தின் அடியில் இருப்பதும் காட்சிக்காகக் கட்டப்பட்ட சுரங்கம்தான். இது மறுஆக்கம் என்று பார்வையாளருக்கு மறைக்காமல் சொல்லும் வரை இதில் எனக்கு மறுப்பில்லை. உயிருக்கு ஆபத்தான அசலைக் காட்டுவதைவிட நேர்மையான நகல் மேல்.

பொருள்களைப் பாதுகாக்கும் வேலையே தனி அறிவு. நிலத்தடியில் நூறாண்டு நிலைத்த மரத்தாங்கல், காற்றோட்டம் மாறியதும் பூஞ்சை பிடித்துச் சில ஆண்டுகளில் உளுத்துப்போகும். கந்தகம் கலந்த தாதுப்பாறை காற்றும் நீரும் பட்டு அமிலத்தைக் கசியவிட்டு இரும்பை அரிக்கும். உப்புச் சுரங்கத்தில் நேர்மாறான அதிசயங்களும் உண்டு. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் 2002இல் கண்டெடுத்த மரப்படிக்கட்டின் கட்டைகள் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட மரங்களுடையவை என்று மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு செய்த கணிப்பு காட்டியது. உப்பு அவற்றைக் கெடாமல் வைத்திருந்தது. ஆனால் மலையின் அழுத்தம் அந்த அறையை நெருக்கிக்கொண்டிருந்ததால் படிக்கட்டைப் பிரித்தெடுத்து வேறிடத்தில் பொருத்த வேண்டியிருந்தது. போலந்தின் வீலிச்கா உப்புச் சுரங்கம் 1978இல் உலகப் பாரம்பரியப் பட்டியலின் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றது. குதிரைகள் சுற்றிவந்து இயக்கிய மாபெரும் மர ஏற்றிகள் அங்கே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. வெளியிலிருந்து செலுத்திய காற்றின் ஈரம் உப்புச் சிற்பங்களைக் கரைக்கத் தொடங்கியதால், 1989இல் அதை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். ஈரத்தை நீக்கும் அமைப்புகளை நிறுவிய பின்னர் 1998இல்தான் அதிலிருந்து நீக்கினார்கள்.

இயந்திரத்தை ஓட்டிக் காட்டுவதா, ஓட்டாமல் வைப்பதா என்பதிலும் பாதுகாவலர்கள் ஒத்த கருத்துடையவர்கள் அல்லர். ஓட்டினால் மூலப் பாகங்கள் தேயும், மாற்ற வேண்டிவரும். ஓட்டாவிட்டால் அதை ஓட்டத் தெரிந்த கடைசி மனிதரோடு அந்த அறிவும் போய்விடும். லெவன்ட் சுரங்கத்தின் 1840ஆம் ஆண்டு ஏற்றியிறக்கும் இயந்திரம் பழைய இரும்புக்குப் போகவிருந்த நிலையில், அதைக் காப்பதற்கென்றே 1935இல் ஒரு குழு அமைந்தது. தொழில்மரபு என்ற கருத்தே பரவாத காலம் அது. பல பத்தாண்டுகள் அசையாமல் கிடந்த அந்த இயந்திரத்தைத் தன்னார்வலர்கள் 1990களில் மறுபடியும் நீராவியில் ஓடவைத்தார்கள். ஒரு வகையில் பல எஞ்சியிருந்தால் ஒன்றை ஓட்டலாம். ஒன்றே ஒன்று எஞ்சியிருந்தால் அதைத் தொடாமல் வைத்து, ஓடும் நகல் ஒன்றைக் கட்டலாம் என்பது என் நிலைப்பாடு. டட்லியில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 1712ஆம் ஆண்டு இயந்திரத்தின் முழு அளவு நகல் ஒன்றைக் கட்டியவர்களுக்கு, அந்த இயந்திரத்தைக் காட்டும் பழைய சித்திரத்தில் இல்லாத எத்தனையோ விவரங்களைக் கட்டும்போதுதான் தீர்க்க வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னவை இரும்பும் மரமும் பற்றியவை. ஆனால் எதையாவது ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலை வந்தால், நான் சுரங்க வரைபடங்களைத்தான் தேர்ந்தெடுப்பேன். 2002 ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கியூகிரீக் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள், பக்கத்தில் கைவிடப்பட்டு நீர் நிறைந்திருந்த பழைய சுரங்கத்தின் சுவரை உடைத்துவிட்டார்கள். அவர்களிடம் இருந்த வரைபடம் அந்தச் சுரங்கத்தின் இறுதி நிலையைக் காட்டாத பழைய படம். ஒன்பது பேர் உள்ளே சிக்கி, 77 மணி நேரத்துக்குப் பின் துளையிட்டு மீட்கப்பட்டார்கள். இறுதி நிலையைக் காட்டும் வரைபடம் அந்த வட்டாரத்து நிலக்கரி மரபு அருங்காட்சியகம் ஒன்றின் சேமிப்பில் இருந்தது பின்னர்தான் தெரியவந்தது. இந்தியாவின் சாஸ்நாலாவில் 1975 டிசம்பரில் நீர் தேங்கிய பழைய வேலையிடத்திலிருந்து வெள்ளம் பாய்ந்தபோது 370க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே மீட்பதற்கு அவகாசமே கிடைக்கவில்லை. பிரிட்டனில் கைவிடப்படும் நிலக்கரிச் சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டுச் சட்டமே கட்டாயப்படுத்தியது. மரபுப் பாதுகாப்பு என்றால் ஓய்வுநேர ஆர்வம் என்று நினைப்பவர்களிடம் இந்த நிகழ்வுகளைத்தான் நான் எடுத்துச் சொல்வது வழக்கம். வரைபடம், நீர்மட்டக் குறிப்பு, காற்றோட்டக் கணக்கு, விபத்து விசாரணை அறிக்கை, இயந்திரம் செய்த ஆலையின் வரைவுகள் ஆகியவை நிறுவனம் கலைக்கப்படும் வாரத்தில் லாரியில் ஏற்றிக் கொட்டப்படுகிற பொருள்கள். அவற்றைக் காக்கத் தேவைப்படுவது ஒரு கட்டடமும் சில பணியாளர்களும்தான். போகும் நகர அருங்காட்சியகத்தில் 1969இலேயே சுரங்கத் தொழிலுக்கென்று தனி ஆவணக்காப்பகம் தொடங்கியதை முன்னோடிச் செயலாகக் கருதுகிறேன்.

எழுத்தில் வராத அறிவும் இருக்கிறது. ஏற்றியிறக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவர், தாம் காணாத கூண்டை மணியொலிக் குறிப்பையும் வடச்சுருளில் இட்ட அடையாளத்தையும் கொண்டு சரியான மட்டத்தில் நிறுத்துவார். மேற்பாறையைக் கம்பியால் தட்டி, ஒலி கணீரென்று இருக்கிறதா மந்தமாக இருக்கிறதா என்று கேட்டே அது நிற்குமா விழுமா என்று சொல்வார்கள் பழகிய தொழிலாளர்கள். கையேடுகளில் இவற்றின் விதி இருக்கும். கை எப்போது தயங்க வேண்டும் என்பது இராது. அவர்கள் வேலை செய்வதை இயந்திரத்தின் அருகிலேயே வைத்து ஒலியும் படமுமாகப் பதிவு செய்ய வேண்டும். சுரங்கம் மூடிப் பத்தாண்டு கழித்து ஓர் அறையில் உட்காரவைத்துக் கேட்டால் நினைவுகள் கிடைக்கும். செயல்முறை கிடைப்பது அரிது.

கோலார் தங்கவயலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ஜான் டெய்லர் நிறுவனத்தார் 1880 முதல் அங்கே நவீன முறையில் வெட்டத் தொடங்கினார்கள். 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அந்தக் காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்வழிகளில் அது ஒன்று. வேலையிடங்கள் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயின. அந்த ஆழத்தில் பாறை தன் அழுத்தத்தாலேயே வெடித்துச் சிதறும். அதை முன்னறிய முயன்றதிலிருந்து பாறை இயக்கவியல் ஆய்வே அங்கே வளர்ந்தது. 1965இல் அங்கே சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களின் விளைவை முதன்முதலாகக் கண்டறிந்தவர்களுள் இந்திய அறிவியலாளர்கள் இருந்தார்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அங்கே பாதுகாக்க வேண்டியவை என்று பட்டியலிட்டால் கோபுரங்கள் மட்டும் வரா. சிவசமுத்திர மின்நிலையமும் மின்வழியும், பாறை வெடிப்புப் பதிவேடுகளும், தலைமுறைகளாக இறங்கிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் நினைவுகளும், அவர்களின் வரிசை வீடுகளும் ஒரே அமைப்பின் உறுப்புகள். சயனைடு கலந்த மண்மேடுகளும் அதே அமைப்பின் உறுப்புதான். காற்றில் பறக்கும் அந்த மண்ணால் அவதிப்படுகிறவர்களின் உடல்நலத்துக்குப் பிறகுதான் மரபு.

கழிவுமேடுகள் பற்றி இன்னும் ஒன்று. அவை அழகற்றவை, சில நேரம் ஆபத்தானவை. வேல்சின் அபெர்ஃபானில் 1966இல் ஒரு கழிவுமேடு சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்த பின்னர் அவற்றை அகற்றும் முடிவை யாரும் குறைகூற முடியாது. ஆனாலும் தொழில்நுட்ப வரலாற்றின் ஒரு பகுதி அவற்றில்தான் இருக்கிறது. ராஜஸ்தானின் சாவரில் குவிந்து கிடந்த சுட்ட மண்குழாய்களை ஆராய்ந்தபோதுதான், துத்தநாகத்தை ஆவியாக்கிக் கீழ்நோக்கி வடித்த பழைய முறை தெளிவானது; ஓர் உலையில் 36 குழாய்கள் வைத்த அமைப்பும் அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் பயனற்றதென்று கொட்டிய துத்தநாகக் கழிவிலிருந்து உலோகத்தைப் பிரிக்கும் முயற்சிதான், அரைத்த தாதுத் துகள்களை நுரையோடு மிதக்கவிட்டுப் பிரிக்கும் நுரை மிதப்பு முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இன்று பழைய மேடுகளை மறுபடி அரைத்து உலோகம் எடுக்கிறார்கள். அதற்கு முன் மாதிரிகளை எடுத்து வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.

தொழில்நுட்பத்தின் பெருமையைச் சொல்லி உழைத்தவரை மறைப்பது இத்துறையில் அடிக்கடி நடக்கிற அநீதி. சுமத்ராவின் ஒம்பிலின் நிலக்கரிச் சுரங்கத்தில் டச்சு ஆட்சியினர் சங்கிலியிட்ட கைதிகளை வேலை வாங்கினார்கள். 2019இல் அது உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது அந்த வரலாறும் சேர்ந்தே சொல்லப்பட்டது. ஜப்பானின் ஹாஷிமா தீவு அடங்கிய தொழிலிடங்கள் 2015இல் பட்டியலில் சேர்ந்தபோது, கொரியர் உள்ளிட்டோர் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்பட்டதை விளக்குவதாக அந்நாடு உறுதியளித்தது. அது போதிய அளவு நிறைவேறவில்லை என்று 2021இல் உலகப் பாரம்பரியக் குழு வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது. ஓர் இயந்திரத்தை விளக்கும் பலகையில் அதன் குதிரைத்திறன் மட்டும் இருந்து, அதற்கு எரிபொருள் ஊட்டியவர் யார், எவ்வளவு கூலிக்கு, எந்த நிர்ப்பந்தத்தில் என்பது இல்லாவிட்டால் அந்தப் பலகை அரைகுறையானது.

அண்மைக்காலத் தொழில்நுட்பத்தின் நிலைதான் எனக்கு மிகவும் கவலையளிக்கிறது. 18ஆம் நூற்றாண்டு இயந்திரத்தைக் காக்க ஆள் கிடைக்கும். 1970களின் இயந்திரம் வெறும் பழையதாகவே தெரியும். அமெரிக்காவின் ஒஹாயோவில் 1969 முதல் 1991 வரை இயங்கிய பிக் மஸ்கி, ஒரே அள்ளில் சுமார் 168 கன மீட்டர் மண்ணை வாரிய மாபெரும் தோண்டி. 1999இல் அதை உடைத்து விற்றுவிட்டார்கள். எஞ்சியது அந்த அள்ளுவாளி மட்டுமே. ஜெர்மனியின் லிக்டர்ஃபெல்டில் 502 மீட்டர் நீளமுள்ள எஃப்60 என்னும் மண்கடத்தும் பாலம் பதின்மூன்று மாதமே வேலை செய்து 1992இல் நின்றது. அந்த ஊரார் அதை விட்டுக்கொடுக்காமல் பார்வையிடமாக மாற்றினார்கள். நிலத்தடியில், நீண்ட நிலக்கரிச் சுவரை ஒரே வரிசையாகச் சீவிச்செல்லும் நீள்சுவர் முறையில் வெட்டும் இயந்திரங்களும் அவற்றோடு நகரும் நீரியல் தாங்கிகளும் வெளியே எடுப்பதற்கு ஆகும் செலவைக் கருதிப் பல இடங்களில் உள்ளேயே விடப்படுகின்றன. அவற்றை இயக்கும் கட்டுப்பாட்டு மென்பொருள் நிறுவனத்தின் பழைய கணினியோடு சேர்ந்து அழிகிறது. ஆகவே ஒரு சுரங்கத்துக்கு உரிமம் தரும்போதே, மூடும் திட்டத்தில் எவற்றைப் பதிவு செய்வது, எவற்றை மேலே கொண்டுவருவது, அதற்கான பணத்தை எங்கே ஒதுக்குவது என்பதை எழுதிவிட வேண்டும். லாபம் வரும் ஆண்டுகளில் ஒதுக்காத பணம் மூடும் ஆண்டில் கிடைக்காது.

பயன் என்ன என்ற கேள்விக்கு நெதர்லாந்தின் ஹேர்லன் நகரம் தெளிவான விடையாக இருக்கிறது. 1974இல் அங்கே கடைசி நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டதும், கருமையிலிருந்து பசுமைக்கு என்ற முழக்கத்தோடு கோபுரங்களையும் புகைபோக்கிகளையும் ஏறத்தாழ முழுவதுமாக இடித்துவிட்டார்கள். ஒரு தலைமுறை கழிந்த பின், நீரில் மூழ்கிய பழைய பாதைகளில் இருக்கும் வெதுவெதுப்பான நீரைக் கட்டடங்களைச் சூடாக்கப் பயன்படுத்தலாம் என்று நகரம் முடிவு செய்தது. 2008 முதல் அந்த அமைப்பு இயங்குகிறது. சுமார் 700 மீட்டர் கீழே, சில மீட்டர் அகலமே உள்ள பாதைகளைத் துளைக்கருவி எட்ட வேண்டியிருந்தபோது, எங்கே துளையிடுவது என்று பொறியாளர்களுக்குக் காட்டியவை சுரங்க நிறுவனங்கள் விட்டுச்சென்ற வரைபடங்கள்.